துணி காயப்போடுற ஸ்டாண்டு

இல்ல தம்பி, அது மேலதான் இருக்கணும். கட்டிலுக்கு அடியில சொருகிடலாம்னு உங்க ஆளு அப்பவே சொன்னாரு, நான்தான் வேணாம்னேன். கடைசியா ஏத்தினாத்தானே முதல்ல இறக்க முடியும். கயிறு இறுக்கித்தானே கட்டியிருக்கு? அப்ப சரி. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க, அத நான் கண்ணாடியில பாத்துக்கிறேன்.

ஆமா, வாக்கர்தான். வயசானவங்க பிடிச்சுக்கிட்டு நடக்கிறதேதான். நீங்க பாத்த உடனே சொல்லிட்டீங்க. எங்க வீட்டுக்காரரு இத்தனை நாளா அத துணி காயப்போடுற ஸ்டாண்டுன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. தினமும் குளிச்சிட்டு வந்து ஈரத்துண்ட அதுமேலதான் போடுவாரு. கொஞ்சம் குட்டையா இருக்கேன்னு ஒருநாள் கேட்டாரு. மடக்குற மாடல் அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன், சரின்னுட்டாரு. இத்தனைக்கும் அவரு பாக்குற வேலை என்னன்னு கேளுங்க. ஃபேக்டரியில தரம் பாக்கிறது. ஒரு போல்ட்டு மயிரிழை கோணலா இருந்தாக்கூட தூக்கி ஓரமாப் போட்டுருவாரு. அந்தக் கண்ணு வாசல்ல செருப்பு கழட்டும்போதே கழண்டுரும் போல.

எதுக்குப் பொய் சொன்னேன்னா? சொல்றேன், சொல்றேன். இன்னும் தூரம் கிடக்குல்ல. நீங்களும் தூங்காம ஓட்டுவீங்க.

இப்ப நாம போற ஊருக்கு அவருக்கு மாத்தலாயிருச்சு தம்பி. வாடகையெல்லாம் கம்பெனி பாத்துக்கும், எந்த வீடுன்னாலும் அவங்களுக்கு ஒண்ணுதான். வீட்டப் பிடிக்கிறதுதான் நம்ம பாடு. அதுக்குன்னு ஒரு வாரம் வந்து கம்பெனி கெஸ்ட் ஹவுஸ்ல தங்குனோம். வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு, ஏரியான்னா ரெண்டே ரெண்டு விஷயந்தான், பாதுகாப்பா இருக்கணும், எங்கயும் நடந்தே போற மாதிரி இருக்கணும்னு. எனக்கு ஆச்சரியம்னா ஆச்சரியம். தெருக்கோடிக் கடையில பிளேடு வாங்க காரை எடுக்கிற மனுஷன் இவரு. எங்கயோ படிச்சிருக்காரு, நடக்கிற ஏரியாவுல குடியிருந்தா ஆயுசு கூடுதாம், நெஞ்சுக்கு நல்லதாம். நடந்தா நல்லதுன்னு எழுதியிருந்தா இவரு படிச்சிருக்கவே மாட்டாரு. குடியிருந்தாலே போதும்னு இருந்துச்சு போல.

ஆனா எனக்கும் அதுதான் தம்பி வேணும். மனசுக்குள்ள ஒரு சந்தோஷம்கூட வந்துச்சு. இத்தனை வருஷத்துல முதல் தடவையா ரெண்டு பேரும் ஒரே விஷயத்தக் கேக்குறோமேன்னு.

சரி, ஒரு ஏரியாவுல நடக்கலாமா முடியாதான்னு அவரு எப்படிப் பாத்தாருன்னு நெனைக்கிறீங்க? கார்ல போய். சத்தியமா. கண்ணாடிய ஏத்திவிட்டு, ஏசிய போட்டு, தெருத்தெருவா ஊர்ந்துக்கிட்டே போவாரு. போய்க்கிட்டே என்னப் பாத்து, எப்படி, நடக்க நல்லாயிருக்கும்லன்னு கேப்பாரு. நான் சீட்டுல பெல்ட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், என்னத்தச் சொல்ல? இறங்கிப் பாக்கலாங்கன்னா, வெயிலா இருக்குங்கிறாரு. அதுவும் எப்ப பாக்குறாரு? லீவு நாள்ல, மத்தியானம். எந்தத் தெருவுல ஒரு குஞ்சு குளுவான் இல்லையோ அதுக்கு நல்ல மார்க்கு. அமைதியா இருக்கு, அதனால பாதுகாப்பா இருக்குன்னாரு. சுடுகாடுகூட அமைதியாத்தான் இருக்கு, அங்க போய் வீடு பாப்போமான்னு கேட்டேன். அன்னிக்கு அதோட காரத் திருப்பிட்டாரு.

சல்லடை போட்டு சலிச்சாரு தம்பி. ஒரு தெரு வேணாம், ஏன்னா ஸ்கூலு இருக்கு, சத்தம். இன்னொண்ணு வேணாம், ஏன்னா ஸ்கூல் இல்ல, நல்ல குடும்பங்க இருக்காது. ஒரு இடத்துல நாய் இருந்துச்சு. அது பாவம் படுத்துத் தூங்குது. இன்னிக்குத் தூங்கும், நாளைக்குக் கடிக்கும்னாரு. ஒரு தெருவுல எல்லாம் சரியா இருந்துச்சு, அதுதான் அவருக்குச் சந்தேகமா இருந்துச்சு. கூட வந்த புரோக்கரு மொத நாள் சார் சார்னு முன்னாடி ஓடுனவரு, கடைசி நாள் கார்லயே உக்காந்து தூங்கிட்டாரு.

கடைசியா கிடைச்சுது ஒண்ணு. ஊருக்கு வெளிய, பைபாஸத் தாண்டி ஒரு காலனி. உங்க போன்ல அவரு அனுப்பியிருக்காரே, அதே அட்ரஸ்தான். ஆமா, பெரிய கேட்டு, ரெண்டு பக்கமும் பொம்மை யானை. உள்ள போனா பிளாட்பாரம் பளபளன்னு இருக்கு, நான் பல்லு விளக்கினாக்கூட அவ்வளவு பளபளப்பு வராது. அகலமான ரோடு. ஓரமெல்லாம் செடி. மூலைக்கு மூலை கேமரா. வாக்கிங் போறதுக்குன்னே சிவப்பா ஒரு பாதை வேற. அது எங்கிருந்து கிளம்புதோ சுத்திக்கிட்டு அங்கயே வந்து நிக்குது. எங்க வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல்லு. பாத்தியா, இதுதான் நான் சொன்னதுன்னாரு. கார விட்டு இறங்கி, இறங்குனாரே அதச் சொல்லணும், அந்தச் சிவப்புப் பாதையில நாலு எட்டு வச்சு பாத்தாரு. ஏ ஒன்னுன்னு சொல்லிட்டு மறுபடி கார்ல ஏறிக்கிட்டாரு.

வீடும் குறை சொல்ல முடியாது. மாடி வீடு, பெரிய ஹாலு. நான்தான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, இங்க கடை எங்க இருக்குங்கன்னு கேட்டுட்டேன். எதுக்குக் கடை, எல்லாத்தையும் போன்ல ஆர்டர் பண்ணிக்கலாம்னாரு. ஆஸ்பத்திரி? கார் எதுக்கு இருக்குன்னாரு. பஸ்ஸுன்னு கேட்டதுக்கு என்னப் பாவமாப் பாத்தாரு. அப்ப எங்கதாங்க நடந்து போறதுன்னு கேட்டேன். இதோ, பாதை போட்டு வச்சிருக்கான்ல, அதுல சுத்துன்னாரு.

சிரிக்காதீங்க தம்பி, அவரு கெட்டவரு இல்ல. குடி கிடையாது, அடி கிடையாது, அதட்டக்கூட மாட்டாரு. ஒண்ணு நடந்துருமோன்னு எப்பவும் ஒரு பயம். அந்தப் பயத்துல நம்மள ஒரு டப்பாவுக்குள்ள போட்டு மூடி வச்சுட்டா நிம்மதியாத் தூங்குவாரு. இப்ப காலி பண்ணிட்டு வர்றோமே, அந்த வீடும் இதே கதைதான். நல்ல காத்து, நல்ல தண்ணி, நல்ல காம்பவுண்டு. பஸ்ஸ பிடிக்கணும்னா புழுதியில நடந்து நாக்கு தள்ளிரும். எனக்கு ஒரு இடத்துக்குப் போகணும்னா அவருக்கு நேரம் இருக்கணும், அவருக்கு மனசு இருக்கணும், வண்டிக்குப் பெட்ரோல் இருக்கணும். இந்த மூணும் ஒரே நாள்ல கூடி வர்றதுக்குள்ள நான் போக வேண்டிய காரியமே முடிஞ்சு போயிருக்கும்.

தண்ணி வேணுமா? இந்தாங்க. இல்ல, ஓட்டிக்கிட்டே குடிக்க வேணாம், அந்த மரத்தடியில நிறுத்திக் குடிங்க. நானும் கண்ணாடியில பாத்துப் பாத்து கழுத்து வலிக்குது.

ம், எதுல விட்டேன்? காலனி. மறுநாள் அவரு புது ஆபீஸ பாக்கப் போயிட்டாரு. நான் கெஸ்ட் ஹவுஸ்ல உக்காந்து சுவத்தப் பாக்கிறதுக்கு அந்தக் காலனிய இன்னொரு தடவ பாப்போம்னு கிளம்பினேன். பஸ்ல. பைபாஸ்ல இறக்கிவிட்டுட்டான். அங்கிருந்து கேட்டு வரைக்கும் பிளாட்பாரம் கிடையாது, லாரிக்கும் பள்ளத்துக்கும் நடுவுல போகணும். பளபளப்பெல்லாம் கேட்டுக்கு உள்ளதான். போய்ச் சேந்தா, செக்யூரிட்டி கைய நீட்டி நிறுத்துறான். முந்தின நாள் கார்ல போனப்ப சல்யூட் அடிச்சவன் தம்பி, அதே ஆளு. எந்த வீட்டுல வேலைன்னு கேக்குறான்.

நான் ஒண்ணும் கிழிஞ்ச சேலை கட்டிட்டுப் போகல. அவனச் சொல்லியும் குத்தமில்ல. அந்தக் கேட்டுக்குள்ள நடந்து வர்றவங்க எல்லாம் வேலைக்கு வர்றவங்கதான், வேற ஒருத்தரும் நடக்கிறதில்ல. எனக்குக் கோவம் வந்திருக்கணும். சிரிப்புதான் வந்துச்சு. இனிமேதாங்க சேரணும், தங்கிப் பாக்குற வேலை, லீவு கிடையாது, சம்பளம் கிடையாதுன்னு சொன்னேன். அவன் கொஞ்சங்கூட அசரல. அப்ப பின்னாடி கேட்டு வழியா போயி பாஸ் வாங்கிக்கம்மாங்கிறான்.

போனேனே. பாஸும் வாங்கினேன். உள்ள அந்தச் சிவப்புப் பாதையில ஒரு சுத்து சுத்துனேன். ஒரு வீட்டுக் கதவு திறந்திருக்கல, ஒரு ஜன்னல் திறந்திருக்கல. நான் நடக்க நடக்க கேமராதான் ஆளப் பாக்குது. ஒரு பெஞ்சுகூட இல்ல. பெஞ்சு போட்டா கண்டவனும் வந்து உக்காருவானாம், செக்யூரிட்டி சொன்னான். தலை வலிக்க ஆரம்பிச்சுருச்சு. ஒரு மாத்திரை வாங்கலாம்னா, பைபாஸுக்கு அந்தப் பக்கந்தான் மருந்துக்கடை, பாலம் ஏறி இறங்கணும். ஒரு மாத்திரை வாங்கப் போயிட்டு வந்தா ரெண்டு மாத்திரை போடுற மாதிரி ஆயிரும். எனக்கே இப்படின்னா, முடியாத ஒருத்தர் அங்க வந்து என்ன பண்ணுவாங்க? அந்த இடத்துலதான் தம்பி எனக்கு மனசு விட்டுப்போச்சு. பாதுகாப்பு இருக்கு, நடக்க பாதையும் இருக்கு. போறதுக்குத்தான் ஒரு இடமும் இல்ல.

திரும்பி வர்றப்ப பஸ்ஸு ஒரு தெரு வழியா வந்துச்சு. பாத்த உடனே தெரிஞ்சுது, இது அவரு தள்ளிவிட்ட தெருவாச்சேன்னு. ரெண்டு நாளைக்கு முன்னாடி கார்ல இதுக்குள்ள நுழைஞ்சு, முன்னாடி ஒரு காய்கறி வண்டி நிக்கவும் ஹாரன் அடிச்சாரு. காய்கறிக்காரம்மா வண்டிய நகட்டாம, எங்க போகப்போறீங்க, இங்கதான் எல்லாம் இருக்கேன்னு சொல்லுச்சு. சுத்தி நின்னவங்க சிரிச்சுட்டாங்க. அவருக்கு மூஞ்சி சிவந்துருச்சு. ரவுடித்தனமான ஏரியான்னு சொல்லி ரிவர்ஸ்லயே வெளிய வந்தாரு. ஒரு தெருவுக்கு அவரு குடுத்ததுலயே குறைஞ்ச மார்க்கு அதுக்குத்தான்.

நான் இறங்கிட்டேன். எதுக்கு இறங்கினேன்னு எனக்கே தெரியாது, மாத்திரை வாங்கத்தான்னு வச்சுக்கோங்களேன். இறங்கின இடத்துலயே மருந்துக்கடை. பக்கத்துல கிளினிக்கு, படிக்குப் பதிலா சறுக்கலா சிமெண்டு போட்டு வச்சிருக்காங்க. அப்புறம் பேக்கரி, சலூன், ஒரு தையல்காரம்மா கடை. நான் பாத்தது அது ஒண்ணத்தையும் இல்ல தம்பி. ஒவ்வொரு கடை வாசல்லயும் ஒரு நாற்காலி கிடக்குது. பிளாஸ்டிக்கு, மரம், ஒண்ணுக்கு கை இல்ல, ஒண்ணுக்கு முதுகுல கயிறு கட்டியிருக்கு. ஒரு பெரியவரு குச்சி ஊன்றி வர்றாரு. பேக்கரி நாற்காலியில உக்காந்தாரு. மூச்சு வாங்கினாரு. எந்திரிச்சாரு, சலூன் வரைக்கும் வந்தாரு, அங்க உக்காந்தாரு. அவரு முடி வெட்டிக்கவும் வரல, வெட்டுறவரு ஏன்னு கேக்கவும் இல்ல. இப்படியே உக்காந்து உக்காந்து தெரு பூரா போயிட்டாரு மனுஷன். நான் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறதப் பாத்துட்டு, உக்காரும்மா, இதுக்கெல்லாம் காசு வாங்கமாட்டாங்கன்னு எனக்கு வேற சொல்லிட்டுப் போறாரு.

தையல் கடை வாசல்ல உக்காந்தேன். அந்தம்மா தலையத் தூக்காம தச்சுக்கிட்டே ஆரம்பிச்சுச்சு. யாரு, எந்த ஊரு, எத்தனை பிள்ளைங்க, வீட்டுக்காரரு என்ன வேலை, மூஞ்சி ஏன் வாடியிருக்கு, சாப்பிட்டியா இல்லையா. என் சொந்தக்காரங்க அத்தனை பேரும் சேந்து என்கிட்ட அவ்வளவு கேட்டதில்ல. பொறணி பேசுற தெருதான், எனக்குத் தெரியாம இல்ல. நாளைக்கு என்னப் பத்தியும் பேசுவாங்க. பேசட்டுமே. என்ன ஆச்சுன்னு பேசணும்னாக்கூட நான் வந்தேனா வரலையான்னு அவங்களுக்குத் தெரிஞ்சாகணும்ல? ஒருநாள் என் வாசல் திறக்கலைன்னா அந்தம்மாவுக்கு மூக்கு வேர்த்துரும், வந்து கதவத் தட்டும். எந்தக் கேமரா வந்து தட்டும், சொல்லுங்க.

அந்தக் கடைக்குப் பக்கத்துலயே கீழ் வீடு ஒண்ணு காலியா இருந்துச்சு. வாசப்படி கிடையாது, தெருவும் தரையும் ஒரே மட்டம்.

இருங்க, அவசரப்படாதீங்க. எங்க அண்ணனப் பத்தி சொல்லாம இது விளங்காது. எங்க அண்ணன் பாதுகாப்புல எங்க வீட்டுக்காரருக்கே பாடம் எடுப்பான். எங்கம்மா அவன்கூடத்தான் இருந்தாங்க. போன வருஷம் பாத்ரூம்ல விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சுருச்சு. ஆபரேஷன் பண்ணி, அந்த வாக்கரக் குடுத்து, டாக்டரு தெளிவாச் சொன்னாரு. கொஞ்சம் நடக்கணும், உக்காரணும், மறுபடி நடக்கணும், தினமும். விட்டுட்டா படுக்கைதான்னு. அண்ணன் வீடு மாடியில, லிஃப்ட் கிடையாது. சரி, வீட்டுக்குள்ளயாவது நடக்கலாம்ல? புதுசா டைல்ஸ் போட்டிருக்கு, வாக்கரு கீறுதுன்னு அண்ணி அதத் தூக்கிப் பரண்ல போட்டுட்டாங்க.

எனக்கு அது தெரியாது. போன்ல கேட்டா, நல்லா இருக்காங்க, பாதுகாப்பா இருக்காங்கம்பான் அண்ணன். வீட்டுக்காரருக்கு நேரமும் மனசும் பெட்ரோலும் கூடி வரலையேன்னு ஒருநாள் நானே பஸ் மாறி மாறிப் போனேன். சொல்லாமத்தான் போனேன். மாடி ஏறிப் பாத்தா, கதவுல வெளிப்பக்கம் பூட்டு. வீட்டுல யாரும் இல்ல போலன்னு திரும்பப் போறேன், உள்ள இருந்து எங்கம்மா குரல். யாருன்னு கேட்டாங்க. நான்தாம்மான்னேன். சாவி உங்கண்ணன்கிட்ட இருக்கு, சாயங்காலந்தான் வருவான், நீ வெயில்ல நிக்காத, போயிட்டு அப்புறமா வான்னாங்க. தினமும் இப்படித்தானாம். ரெண்டு பேரும் வேலைக்குப் போகணும், கிழவி கதவத் திறந்து வெளிய வந்து விழுந்துட்டா யாரு பாக்கிறது? பாதுகாப்புக்குத்தான் பூட்டுறோம்னு அண்ணன் சொன்னான். அவனுக்கு உண்மையிலயே அதுல ஒரு தப்பும் தெரியல தம்பி.

நான் எங்க போறது? அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் படியில உக்காந்துக்கிட்டேன். அந்தப் பக்கம் அவங்க தரையில நகந்து நகந்து வந்து உக்காந்தாங்க. சாயங்காலம் வரைக்கும் கதவப் பாத்துப் பேசிட்டு இருந்தோம். என்ன பேசினோம்னு ஞாபகம் இல்ல. நான் அழுதது அவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு பாத்துக்கிட்டது மட்டும் ஞாபகம் இருக்கு.

அன்னிக்குத்தான் பரண்ல வாக்கரப் பாத்தேன். சும்மாதானே கிடக்கு, துணி காயப்போட எனக்குக் குடுங்கன்னு கேட்டேன். அண்ணிக்கு இடம் மிச்சம், தூக்கிக் குடுத்துட்டாங்க. அதே பொய்யத்தான் வீட்டுலயும் சொன்னேன். ஏன்னா அவர்கிட்ட நேராக் கேட்டுப் பாத்துட்டேன், அம்மாவ நம்மகூட வச்சுக்கலாங்களான்னு. பாக்கலாம்னாரு. பாக்கலாம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா? முடியாதுன்னா நாம கோவப்படலாம், சரின்னா சந்தோஷப்படலாம். பாக்கலாம்னா கிணத்துல போட்ட கல்லு.

அவரு முடிவெல்லாம் நல்லா எடுப்பாரு. எடுத்துட்டாருன்னா அதோட அவரு வேலை முடிஞ்சுது. புரோக்கருக்குப் போன் பண்றது, சாவி வாங்குறது, கேஸ், கரண்டு, உங்க வண்டிய பிடிக்கிறது, எல்லாம் நான்தான். கல்யாணம் ஆனதுலருந்து அப்படித்தான். இந்தக் காலனி வீட்டையும் ஓகேன்னு புரோக்கர்கிட்ட சொல்லிருன்னு என்கிட்டதான் சொன்னாரு. நான் புரோக்கருக்குப் போன் பண்ணினேன். தையல் கடைக்குப் பக்கத்து வீட்ட ஓகேன்னு சொன்னேன். கம்பெனி பேப்பரக் கொண்டுவந்தேன், எங்க கையெழுத்துன்னு கேட்டாரு, காட்டுன இடத்துல போட்டாரு. போல்ட்டுன்னா லென்ஸ் வச்சுப் பாத்திருப்பாரு.

ஏமாத்துனதுதான். இல்லன்னு சொல்லல. நான் பேசாம இருந்தா பயமா இருக்கு, அதான் உங்க காதப் புண்ணாக்குறேன். சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சு நேரா காலனி கேட்டுக்குப் போவாரு. எந்த வீட்டுக்குன்னு செக்யூரிட்டி கேப்பான். இவரு நம்பரச் சொல்வாரு, அப்படி யாரும் குடி வரலையே சார்ம்பான். அப்ப எனக்குப் போன் வரும். கத்துவாரு, இல்லன்னா கத்தாம பேசாம இருப்பாரு, அது எனக்கு ஒண்ணும் புதுசில்ல. படுக்கிற கட்டில், பாக்கிற டிவி, போடுற சட்டை எல்லாம் இந்த வண்டியிலதான் இருக்கு. வந்துதானே ஆகணும். தெருமுனையில காரை விட்டுட்டு நடந்து வாங்கன்னு சொல்லணும், காய்கறிக்காரம்மா வழி விடாது. நெஞ்சுக்கு நல்லதுதானே.

அந்த சிக்னல்ல இடது தம்பி. தெரியும், உங்க போன்ல வலதுன்னுதான் காட்டும். வலது பக்கம் காலனி. நீங்க இடது பக்கம் திருப்புங்க.

அவ்வளவுதான், நேராப் போங்க. மெதுவா, மெதுவா, நாற்காலிய இடிச்சுடாதீங்க. ஹாஸ்டல்ல படிக்கிற எம்மகதான் போய் எங்கம்மாவக் கூட்டிட்டு வந்தா, காலையிலேயே வந்து இறங்கிட்டாங்களாம். கொஞ்ச நாள் வச்சிருந்து அனுப்புறேன்னு அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன், எத்தனை நாள்னு அவன் கேக்கல. அதோ, தையல் கடைக்குப் பக்கத்துல கதவு திறந்திருக்கு பாருங்க, உள்ள உக்காந்து வெளிய எட்டிப் பாத்துக்கிட்டு இருக்காங்களே, அவங்கதான்.

இங்கயே நிறுத்திக்கோங்க. கட்டில், பீரோவெல்லாம் அப்புறம் பொறுமையா இறக்கிக்கலாம். முதல்ல மேல கட்டியிருக்கிறத அவுத்து என் கையில குடுங்க. எங்கம்மா தெருவுக்கு வந்து ரொம்ப நாளாச்சு.